நாலு சர்வர், ஒரே போன் நம்பர்

வெப் கான்ஃபரன்ஸ் என்றால் எல்லோரும் கம்ப்யூட்டர் முன்னால் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்து ஏற்பாடு செய்தால், பேச வேண்டிய பாதிப் பேர் வெளியே நின்றுவிடுவார்கள். நான் வேலை பார்ப்பது கோயம்புத்தூரில் பம்பும் மோட்டாரும் செய்யும் ஒரு கம்பெனியின் ஐடி பிரிவில். எங்கள் ஃபவுண்டரி சூப்பர்வைசரின் மேசையில் இருப்பது ஒரு சாதாரண இன்டர்காம் போன். ஊர் ஊராகப் போகும் சர்வீஸ் ஆட்களுக்குக் கிணற்று மேட்டில் டேட்டா கிடைக்காது, ஆனால் பேசுவதற்கு மட்டும் எப்படியோ சிக்னல் இருக்கும். வயதான டீலர்களுக்கு லிங்க் அனுப்பினால் வீட்டில் யாராவது பிள்ளைகளைக் கூப்பிட வேண்டும். நம்பர் கொடுத்தால் உடனே போட்டுவிடுவார்கள். மோட்டார் காயில் ஏன் எரிகிறது என்று பேசும் மீட்டிங்கில், எரிந்த மோட்டாரைப் பிரித்துப் பார்த்தவர் பெரும்பாலும் இவர்களில் ஒருவர்தான்.

எங்களிடம் பிக்புளூபட்டன் என்ற வெப் கான்ஃபரன்ஸ் மென்பொருள் ஓடும் சர்வர்கள் நாலு, அவற்றுக்கு முன்னால் மீட்டிங்குகளை அவற்றுக்குள் பகிர்ந்து கொடுக்கும் ஸ்கேல்லைட் என்ற லோடு பேலன்சர். ஆராய்ச்சிப் பிரிவு ஜிட்சி என்ற இன்னொரு கான்ஃபரன்ஸ் மென்பொருளுக்குத் தனியாக ஒரு சர்வர் வைத்திருந்தது. தொலைபேசிப் பக்கம் ஆஸ்டெரிஸ்க் என்ற மென்பொருளில் ஓடும் இபிஏபிஎக்ஸ், அதாவது கம்பெனிக்குள் இருக்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், ஒன்று. வெளியுலகத்துக்கு ஒரு பிஆர்ஐ லைன், அதாவது ஒரே நேரத்தில் 30 அழைப்புகள். முந்தைய ஏற்பாட்டில் ஒவ்வொரு சர்வருக்கும் தனி எக்ஸ்டென்ஷன் இருந்தது. லோடு பேலன்சர் வந்த பிறகு அது உடைந்துபோனது. எந்த மீட்டிங் எந்த சர்வரில் போய் விழும் என்பது அதைத் தொடங்கும் நொடி வரை யாருக்கும் தெரியாது. அதனால் அழைப்பிதழில் எல்லா நம்பர்களையும் போட்டு, ஒன்றில் கிடைக்காவிட்டால் அடுத்ததை முயலுங்கள் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

எத்தனை சர்வர் என்பது அவற்றைப் பராமரிக்கும் எங்கள் கவலை. போன் போடுபவர் அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை. அவருக்கு ஒரு நம்பர், ஒரு மீட்டிங் எண், அவ்வளவுதான். பிறகு வந்த ஒவ்வொரு முடிவையும் இதை வைத்துத்தான் எடுத்தோம்.

பிக்புளூபட்டனில் குரல் எப்படி ஓடுகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சர்வருக்குள்ளும் குரல்களை இணைக்கும் ஃப்ரீஸ்விட்ச் என்ற மென்பொருள் தனியாக இருக்கிறது. மீட்டிங் தொடங்கும்போது அதற்கு வாய்ஸ் பிரிட்ஜ் என்று ஓர் எண் ஒதுக்கப்படும், நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஐந்து இலக்கம். பிரௌசரில் வருபவரின் குரலும் போனில் வருபவரின் குரலும் அந்த எண்ணுள்ள அறையில்தான் கலக்கின்றன. ஒரு மீட்டிங்கின் குரல் முழுக்க ஒரே சர்வரில் இருக்கும், பக்கத்து சர்வரின் ஃப்ரீஸ்விட்சுக்கு அப்படி ஒரு மீட்டிங் நடப்பதே தெரியாது. ஆகவே ‘இந்த எண் இப்போது எந்த சர்வரில் இருக்கிறது’ என்ற கேள்விக்கு வழியில் யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

எளிமையாகத் தோன்றும் வழிகள் இரண்டு. எண்ணின் முதல் இலக்கத்தை சர்வருக்கு ஒதுக்குவது ஒன்று: 1ல் தொடங்கினால் முதல் சர்வர், 2ல் தொடங்கினால் இரண்டாவது. லோடு பேலன்சர் இல்லாத இடத்தில் இது நன்றாகவே ஓடும், அங்கே இதற்கு மேல் சிக்கலாக்க வேண்டாம். லோடு பேலன்சர் இருந்தால், எண்ணை முன்கூட்டியே அழைப்பிதழில் போட முடியாது.

இரண்டாவது, வரிசையாக ஒவ்வொரு சர்வராகத் தட்டிப் பார்ப்பது. இதில் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. ஃப்ரீஸ்விட்சின் கான்ஃபரன்ஸ் வசதி, கேட்ட எண்ணில் அறை இல்லையென்றால் ‘இல்லை’ என்று சொல்லாது, புதிதாக ஓர் அறையைத் திறந்து ஆளை உள்ளே உட்கார வைத்துவிடும். தவறான சர்வருக்குப் போன டீலர், யாரும் வராத அறையில் காத்திருப்பார். மீட்டிங்கில் இருப்பவர்களோ அவர் வரவே இல்லை என்று நினைப்பார்கள். பிழைச் செய்தி எங்கும் பதிவாகாது. இரண்டு பக்கமும் எல்லாம் சரியாக நடந்ததாகவே லாக் சொல்லும். அந்த அறையில் ஏற்கெனவே ஆள் இருக்கிறாரா என்று டயல்பிளானில், அதாவது வரும் அழைப்பை என்ன செய்வது என்று சொல்லும் விதிகளில், சோதிக்கலாம். ஆனால் மீட்டிங் தொடங்கியும் இன்னும் யாரும் ஆடியோவில் சேராத நேரத்தில் ஃப்ரீஸ்விட்சில் அந்த அறையே இருக்காது. சீக்கிரமாகப் போன் போட்டவர் திருப்பி அனுப்பப்படுவார். நேரம் தவறாமல் வருபவரைத் தண்டிக்கும் ஏற்பாடு அது.

நாங்கள் செய்தது இது. போனில் வருபவரை முதலில் இபிஏபிஎக்ஸே எடுக்கும், மீட்டிங் எண்ணையும் அதுவே வாங்கும். வாங்கியதும் உள் நெட்வொர்க்கில் இருக்கும் ஒரு சின்ன சர்வீஸிடம் கேட்கும். ஆஸ்டெரிஸ்க்கின் டயல்பிளானிலிருந்தே கர்ல் மூலம் ஒரு வெப் முகவரியைக் கேட்க முடியும் என்பதால் தனி மென்பொருள் தேவைப்படவில்லை. அந்த சர்வீஸ் பத்து நொடிக்கு ஒருமுறை ஒவ்வொரு பிக்புளூபட்டன் சர்வரிடமும் ‘கெட்மீட்டிங்ஸ்’ என்ற ஏபிஐ மூலம் நடக்கும் மீட்டிங்குகளின் பட்டியலை வாங்கி வைத்துக்கொள்ளும். பட்டியலில் ஒவ்வொரு மீட்டிங்கோடும் அதன் வாய்ஸ் பிரிட்ஜ் எண் வரும். யாரும் ஆடியோவில் சேராத மீட்டிங்கும் அதில் இருக்கும், நமக்கு வேண்டியது அதுதான். சர்வர் பெயர் கிடைத்ததும் இபிஏபிஎக்ஸ் அந்த சர்வருக்கு, நெட்வொர்க் வழியே போன் அழைப்புகளைக் கொண்டுபோகும் எஸ்ஐபி டிரங்க் வழியாக, மீட்டிங் எண்ணையே டயல் செய்யும் எண்ணாக வைத்து, அழைப்பை அனுப்பிவிடும். ஃப்ரீஸ்விட்ச் மறுபடி எண் கேட்காது.

ஜிட்சியும் இதே கதவு வழியாக வந்தது. அங்கே அறைக்கு எண் கிடையாது, பெயர்தான். போன் அழைப்பை ஜிட்சிக்குள் கொண்டுவரும் ஜிகாசி என்ற கேட்வே, வரும் எஸ்ஐபி அழைப்போடு இருக்கும் ‘ஜிட்சி கான்ஃபரன்ஸ் ரூம்’ என்ற ஹெடரை, அதாவது குறிப்பு வரியை, பார்த்து அறையைத் தீர்மானிக்கிறது. நமது சர்வீஸ் ‘இந்த எண் ஜிட்சி, அறையின் பெயர் இது’ என்று பதில் சொன்னால், இபிஏபிஎக்ஸ் அந்த ஹெடரைப் போட்டு ஜிகாசிக்கு அனுப்பும். போன் போட்டவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. நாளைக்கு வேறொரு மென்பொருள் வந்தாலும் மாற வேண்டியது இந்த ஒரு சர்வீஸ்தான்.

இப்போது புதிதாகத் தொடங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்கேல்லைட்டின் புதிய பதிப்புகள் வாய்ஸ் பிரிட்ஜ் எண்ணைத் தாங்களே ஒதுக்கும், போனில் வருபவரைச் சரியான சர்வருக்கு அனுப்பும் வசதியும் அவற்றில் உண்டு. பிக்புளூபட்டன் மட்டும்தான் என்றால் முதலில் அதைப் பாருங்கள். எண்ணை நீங்களே ஒதுக்கப்போகிறீர்கள் என்றால், வெளியிலிருந்து வரும் எண்ணை ஏற்கும்படி அதில் அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது தன் எண்ணைப் போட்டுவிடும், அழைப்பிதழில் இருக்கும் எண் எங்கும் கிடைக்காது.

எண் ஒதுக்குவது ஒரே இடத்தில்தான் நடக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். சர்வர்கள் ஆளுக்கொரு எண்ணைத் தற்செயலாக எடுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து இலக்க எண்கள் 90,000. நிரந்தர அறைகள் 500 இருந்து, ஒவ்வொன்றும் தற்செயலாக ஓர் எண்ணை எடுத்தால், எங்காவது இரண்டு அறைகளுக்கு ஒரே எண் வந்துவிட ஏறக்குறைய முக்கால்வாசி வாய்ப்பு இருக்கிறது. அப்படி மோதும்போது டீலர் போய்ச் சேருவது சம்பளக் கணக்கு பேசும் எச்ஆர் மீட்டிங்காகக்கூட இருக்கலாம். எங்கள் மீட்டிங் போர்ட்டலின் டேட்டாபேஸிலேயே எண் ஒதுக்கி, ஒரே எண் இரண்டுமுறை வரவே முடியாதபடி கட்டுப்பாடு போட்டோம். ஆறு இலக்கம் வைத்தோம். அதைவிட நீளமாக வைத்தால் பாதுகாப்பு கூடும்தான், ஆனால் கையுறையோடு பட்டன் அழுத்தும் ஆளை நினைத்துப் பார்க்க வேண்டும். ஐந்தைத் தாண்டினால், ஃப்ரீஸ்விட்ச் டயல்பிளான் எத்தனை இலக்கத்தை ஏற்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள்.

வருபவரை வரவேற்கும் குரலில்தான் நான் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் போனது, போக வேண்டியதும் அங்கேதான். மென்பொருளோடு வரும் ஆங்கிலக் குரலைக் கேட்டதும் பலர் தவறான நம்பர் என்று வைத்துவிடுவார்கள். ரிசப்ஷனில் இருக்கும் அக்காவின் குரலில் தமிழில் பதிவு செய்தோம். டீலர்கள் பல வருடமாகப் போனில் கேட்ட குரல் அது. எண்ணின் நீளம் எப்போதும் ஆறுதான் என்பதால் கடைசியில் ஹேஷ் அழுத்தச் சொல்லும் வரியையே எடுத்துவிட்டோம். இலக்கங்களுக்கு இடையே பொறுமையாகக் காத்திருக்கும்படி நேரத்தைக் கூட்டினோம், அழைப்பிதழைப் பார்த்துப் பார்த்து அழுத்துபவர்களுக்கு அது தேவை. மீட்டிங் இன்னும் தொடங்கவில்லை என்றால் ‘தவறான எண்’ என்று சொல்லாமல், ‘மீட்டிங் இன்னும் ஆரம்பிக்கவில்லை, லைனிலேயே இருங்கள்’ என்று சொல்லி, 15 நொடிக்கு ஒருமுறை மறுபடி சர்வீஸைக் கேட்கும்படி வைத்தோம். எண் போர்ட்டலில் ஒதுக்கப்பட்டதா இல்லையா என்பது சர்வீஸுக்குத் தெரியும், ஆகையால் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடிந்தது. இன்னொரு வரியையும் சேர்த்தோம்: இந்த மீட்டிங் பதிவு செய்யப்படலாம். திரையில் சிவப்புப் பொத்தான் எரிவது போனில் இருப்பவருக்குத் தெரியாது. அவர் குரலும் பதிவாகும்போது அவருக்குச் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை.

அப்புறம் ஒலிப் பிரச்சினைகள். எஸ்ஐபி அழைப்புகள் எந்த நேரத்தில் அறுகின்றன என்பதே பாதி நோயைச் சொல்லிவிடும். பேச்சு தொடங்கி 32 நொடியில் அறுந்தால், ஏசிகே என்ற உறுதிச் செய்தி எதிர்ப்பக்கம் போய்ச் சேரவில்லை. எஸ்ஐபி விதிப்படி பதிலை 32 நொடி வரை திரும்பத் திரும்ப அனுப்பிவிட்டு எதிர்ப்பக்கம் கைவிட்டுவிடும். காரணம் பெரும்பாலும் உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் நாட், அல்லது எஸ்ஐபி செய்திகளைத் திருத்த ரவுட்டரில் இருக்கும் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதி. அந்த ஏஎல்ஜியை அணைத்துவிடுவதே நல்லது. 15 அல்லது 30 நிமிடத்தை ஒட்டி அறுந்தால், அழைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது சரிபார்க்கும் செஷன் டைமரைப் பாருங்கள். வழக்கமான 1800 நொடிக் கணக்கில், பாதி நேரத்தில் புதுப்பிக்கும் செய்தி போகும். ஃபயர்வால் அதை விழுங்கினால் அழைப்பு செத்துவிடும்.

முதல் ஓரிரு நொடி குரல் கேட்டு அப்புறம் அமைதியாகிவிட்டால் அது வேறு கதை. ஆஸ்டெரிஸ்க் நடுவிலிருந்து விலகி, மேசை போனும் பிக்புளூபட்டன் சர்வரும் நேரடியாகப் பேசட்டும் என்று நடக்கும் அழைப்பை மாற்றச் சொல்லும் செய்தியை (ரீ-இன்வைட்) அனுப்பும். போன்கள் இருக்கும் விலேனிலிருந்து, அதாவது தனியாகப் பிரித்த உள் நெட்வொர்க்கிலிருந்து, சர்வருக்கு வழி கிடையாது, குரல் காற்றில் போய்விடும். அந்த டிரங்குகளில் டைரக்ட் மீடியாவை நிறுத்தி, குரல் எப்போதும் இபிஏபிஎக்ஸ் வழியாகவே போகும்படி வைத்தோம். இதனால் சர்வர் பக்க ஃபயர்வாலும் எளிதானது. எஸ்ஐபிக்கும் குரல் போகும் யுடிபி போர்ட்டுகளுக்கும் இபிஏபிஎக்ஸின் ஒரே ஐபி முகவரிதான் போன் பக்கத்திலிருந்து வரும். குரல் போர்ட்டுகளைப் பிரௌசர்காரர்களுக்காகத் திறந்துதான் வைக்க வேண்டும், ஆனால் எஸ்ஐபி போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைக்கவே கூடாது. திறந்து வைத்தால், எங்கே இலவசமாக வெளிநாட்டு அழைப்பு போடலாம் என்று தேடும் ஸ்கேனர்கள் உடனே கதவைத் தட்டத் தொடங்கிவிடும்.

பட்டன் ஒலிகளை, அதாவது டிடிஎம்எஃப்பை, எல்லா டிரங்கிலும் ஆர்எஃப்சி 4733 முறையில், அதாவது குரலில் கலக்காமல் தனிச் செய்தியாக, மட்டும் அனுப்பும்படி அமையுங்கள். அந்த முறையில் ஒருமுறையும் குரலோடு கலந்து இன்னொருமுறையும் ஒரே இலக்கம் போனால், 4 அழுத்தியவர் 44 அழுத்தியதாக எதிர்ப்பக்கம் எண்ணிக்கொள்ளும். மீட்டிங் எண்ணை இபிஏபிஎக்ஸிலேயே வாங்குவதால் இந்தத் தொல்லையை ஒரே இடத்தில் சரிசெய்ய முடிந்தது. உள்ளே போனபின் தேவைப்படும் பட்டன் 0 ஒன்றுதான், மைக்கை மூடவும் திறக்கவும்.

குரலை டிஜிட்டலாக மாற்றும் முறையான கோடெக்கில் ஒரு சின்ன மாற்றம் பெரிய பலன் தந்தது. பிஆர்ஐ வழியாக வருபவை ஜி.711 ஏ-லாதான், நொடிக்கு 8000 மாதிரி, அதைக் கூட்ட முடியாது. ஆனால் உள்ளே இருக்கும் ஐபி போன்கள் ஜி.722 பேசும். அதே 64 கிலோபிட்டில் நொடிக்கு 16,000 மாதிரி. டிரங்கில் ஜி.722வை முதலில் வைத்ததும், ஃபவுண்டரியின் இரைச்சலுக்கு நடுவே பேசுபவரின் சொற்கள் தெளிவாகப் பிரிந்து கேட்டன. ‘என்ன சொன்னீங்க’ என்று அவரைத் திரும்பக் கேட்பது குறைந்தது. ஒரு காசு செலவில்லை.

ஹோல்டு இசை பற்றித் தெரியாமல் இதைத் திறந்துவிடாதீர்கள். மீட்டிங்கில் இருக்கும் ஒருவர் வேறு அழைப்பை எடுக்க ஹோல்டு அழுத்தினால், இபிஏபிஎக்ஸ் மீட்டிங் முழுவதற்கும் பாட்டுப் போடும். கான்ஃபரன்ஸ் டிரங்குகளுக்கு மட்டும் சத்தமே இல்லாத ஒரு கோப்பை ஹோல்டு இசையாகக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. மொபைலில் வருபவர் இன்னொரு அழைப்பை எடுக்கும்போது அவருடைய ஆபரேட்டர் போடும் ‘உங்கள் அழைப்பு ஹோல்டில் உள்ளது’ அறிவிப்பை நம்மால் தடுக்க முடியாது. அதற்கு மாடரேட்டர் உடனே அந்த ஆளை மியூட் செய்ய வேண்டும். செய்வதற்கு அது யார் என்று தெரிய வேண்டுமே? அதனால் இபிஏபிஎக்ஸ் அழைப்பை அனுப்பும்போதே காலர் ஐடியில் பெயரைப் போடும்படி வைத்தோம். எக்ஸ்டென்ஷன் என்றால் டைரக்டரியில் உள்ள பெயர், டீலர் என்றால் கடையின் ஊர். தெரியாத மொபைல் என்றால் கடைசி நாலு இலக்கம் மட்டும், முழு நம்பரையும் நூறு பேர் பார்க்கும் திரையில் காட்ட வேண்டியதில்லை. ‘வெளி அழைப்பு’ என்று இருந்த இடத்தில் பெயர் வந்த பிறகுதான், ‘பொள்ளாச்சியில் இருந்து ஒருத்தர் இருக்கிறாரே, அவரைக் கேட்போம்’ என்று மீட்டிங் நடத்துபவர்கள் சொல்லத் தொடங்கினார்கள்.

பிஆர்ஐயில் 30 வழிதான் என்பதை மறக்க வேண்டாம். டீலர்கள் எல்லோரும் சேரும் மீட்டிங்கில் அந்த முப்பதும் நிரம்பினால், புதிதாகப் பம்பு வாங்க அழைப்பவருக்கு எங்கேஜ்டு டோன்தான் கேட்கும். கான்ஃபரன்ஸுக்கு அதிகபட்சம் 18 என்று ஆஸ்டெரிஸ்க்கின் குரூப் கணக்கில் வரம்பு போட்டு, பெரிய மீட்டிங்குகளுக்கு ஆபரேட்டரிடம் தனியாக எஸ்ஐபி டிரங்க் வாங்கினோம். ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் ஈதர்நெட்டில் சுமார் 87 கிலோபிட் ஆகும், 50 பேர் வந்தாலும் நாலரை மெகாபிட்டைத் தாண்டாது. நெருக்கடி வருவது லைன் எண்ணிக்கையில்தான், இணைய வேகத்தில் இல்லை.

சட்டப் பக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். தொலைத்தொடர்புத் துறை 2020 நவம்பரிலும் 2021 ஜூனிலும் ஓஎஸ்பி விதிகளை, அதாவது கால் சென்டர் போன்ற சேவை நிறுவனங்களுக்கான விதிகளை, நிறையத் தளர்த்தியது. ஆனாலும் லைசென்ஸ் இல்லாமல் பொதுத் தொலைபேசி அழைப்பை இணையம் வழியே இன்னொரு ஊருக்குக் கொண்டுபோய் அங்கே மறுபடி பொது லைனில் இறக்கும் டோல் பைபாஸ் தடைதான். நாங்கள் உள்ளே வரும் அழைப்புகளை மட்டும் அனுமதித்தோம், மீட்டிங்கிலிருந்து வெளியே டயல் செய்யும் வழியை முழுதாக அடைத்துவிட்டோம். உங்கள் இணைப்பின் வரைபடத்தை ஆபரேட்டரிடம் காட்டி, சரி என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பராமரிப்புக்கு ஒரு சர்வரை எடுக்கும்போது ஸ்கேல்லைட்டில் புது மீட்டிங் மட்டும் அங்கே போகாதபடி நிறுத்திவிட்டு, நடப்பவை முடியும் வரை காத்திருப்போம். நமது சர்வீஸ் அந்த சர்வரைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பட்டியலிலிருந்து முன்கூட்டியே எடுத்துவிட்டால், அங்கே நடக்கும் மீட்டிங்கில் தொடர்பு அறுந்து மறுபடி போன் போடுபவர் உள்ளே வர முடியாது.

கோளாறு தேடும்போது கைகொடுத்தவை இரண்டு. ஆஸ்டெரிஸ்க் தன் அழைப்பு அடையாளத்தை ஒரு கூடுதல் ஹெடரில் வைத்து அனுப்பும், ஃப்ரீஸ்விட்ச் அதை லாகில் எழுதும். எல்லா சர்வரின் கடிகாரமும், நெட்வொர்க் வழியே நேரத்தைச் சரிசெய்யும் என்டிபியில் ஒன்றாக ஓடும். இவை இருந்தால் ‘காலையில் எனக்குக் குரல் கேட்கவில்லை’ என்ற ஒரு வரிப் புகாரிலிருந்து சரியான அழைப்பைச் சீக்கிரம் பிடித்துவிடலாம். எஸ்ஐபி செய்திகளை நேரலையில் பார்க்க எஸ்என்கிரெப் என்ற கருவி போதும்.

ஷிஃப்ட் மாறும் முன் தினமும் ஒரு ஸ்கிரிப்ட் ஓடுகிறது. அது ஒவ்வொரு சர்வரிலும் ஒரு சோதனை மீட்டிங்கைத் திறந்து, வெளி லைன் வழியாகவே நம் நம்பருக்குப் போன் போட்டு, ஆறு இலக்கத்தை அழுத்தி, ஒரு பக்கம் ஒலி எழுப்பி மறுபக்கம் கேட்கிறதா என்று இரண்டு திசையிலும் பார்க்கும். கேட்காவிட்டால் எங்கள் போனுக்கு எஸ்எம்எஸ் வரும். டிரங்க் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ஆப்ஷன்ஸ் செய்தி மட்டும் போதாது. குரல் ஒரு பக்கம் செத்துக் கிடந்தாலும் அதற்கு ஒழுங்காகப் பதில் வந்துகொண்டேதான் இருக்கும்.